ஒரு மேசை இருந்திருந்தால்

வாஷிங் மெஷின் மூடிமேல் புத்தகத்தை வைத்து நின்றுகொண்டே படிப்பதில் ஒரு வசதி உண்டு, தூக்கம் வராது. மெஷின் துணியைப் பிழிய ஆரம்பித்தால் மட்டும் வரவுப் பத்தியும் செலவுப் பத்தியும் சேர்ந்து குதிக்கும். அப்போது மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் கணக்குப் போட வேண்டும். இந்த வயதில் எனக்கு இந்த வித்தை கைவந்ததற்குக் காரணம், நான் உட்கார்ந்து படிப்பதற்காக என் வீட்டுக்காரர் செய்துகொண்டிருந்த மேசை.

எனக்காகத்தான் செய்தார். அதுதான் வயிற்றெரிச்சல். வேறு யாருக்காகவாவது செய்திருந்தால் வாய் வலிக்கும்வரை திட்டித் தீர்த்திருப்பேன்.

நான் நகராட்சியில் குடிநீர்ப் பிரிவில் குமாஸ்தா. மேற்பார்வையாளர் ஆவதற்கு ஒரு துறைத் தேர்வு உண்டு. மற்ற தாள்களை எல்லாம் எப்போதோ முடித்துவிட்டேன், கணக்குத் தாள் மட்டும் தொண்டையில் மாட்டிய முள்ளாக நிற்கிறது. எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் இப்போது நான் நீட்டும் கோப்பில் கையெழுத்துப் போடுகிறார்கள். வயது வரம்பு என்று ஒன்று வைத்திருக்கிறார்களே, அதன்படி இந்த வருடம் எழுதினால்தான் உண்டு. விட்டால் ஓய்வு பெறும்வரை அதே ஜன்னல், அதே நாற்காலி, "தண்ணி ஏன் வரல" என்று கேட்கும் அதே முகங்கள்.

போன வருடம் நான் ஏன் தோற்றேன் என்று சொல்லிவிடுகிறேன். கடைசி இரண்டு கேள்விகளைப் பார்த்ததும் கை சில்லிட்டுப்போனது. படித்த கணக்குகள்தான், வீட்டில் போட்டுப் பார்த்தவைதான். ஆனால் எண்கள் எல்லாம் யாரோ தெரியாதவர்கள் மாதிரி என்னைப் பார்த்தன. எழுந்து தாளைக் கொடுத்துவிட்டு, பெல் அடிப்பதற்கு முன்பே வெளியே வந்துவிட்டேன். பயந்து ஓடி வந்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ரிசல்ட் வந்த அன்று நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். இவருடைய அக்கா, அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். "என்னாச்சு, ராத்திரி பகலா படிச்சியே?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"உக்காந்து படிக்க இந்த வீட்ல ஒரு டேபிள் இருக்காக்கா? சாப்பாட்டு டேபிள்ல, தட்டுக்கும் டம்ளருக்கும் நடுவுல புத்தகத்தை வெச்சா படிப்பு எப்படி ஏறும்?"

நாத்தனார் தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். அவ்வளவு சௌகரியமான காரணம் எனக்கே தோன்றியிருக்காது. அடுத்த நாள் ஆபீசிலும் அதையே சொன்னேன். போகப் போக, எனக்கு அறிவு, உழைப்பு எல்லாம் இருக்கிறது, ஒரு மேசை மட்டும்தான் இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

சொல்லிவிட்டு அதோடு விட்டிருக்கலாம். இவர் விடவில்லை. இந்த வருடத் தேர்வுக்கு அறிவிப்பு வந்த வாரமே, "உன் டேபிளை நானே செஞ்சிடறேன்" என்று கிளம்பிவிட்டார்.

இவர் ஒரு செருப்புக் கடையில் விற்பனையாளர். அந்தத் தொழிலில் கெட்டிக்காரர், அதை நான் மறுக்கவில்லை. வாசலில் ஒரு கால் நுழையும்போதே அதன் சைஸைச் சொல்லிவிடுவார். சிலருக்கு ஒரு கால் இன்னொரு காலைவிடத் துளி குட்டையாக இருக்கும், அவர்களுக்கே தெரியாது. இவர் அவர்கள் நடப்பதைப் பார்ப்பார், உள்ளே போய்ச் சோல் ரப்பரில் ஒரு துண்டு சீவி எடுத்துவந்து குதிகாலுக்கு அடியில் செருகுவார். வந்தவர் நேராக நடந்து போவார். அதெல்லாம் சரி. ஆனால் கால் வேறு, மரம் வேறு என்று இவருக்கு யார் சொல்வது?

மகள் சொன்னாள். கல்லூரியில் படிக்கிறாள், வாய் கொஞ்சம் நீளம். போனில் ஒரு தாடிக்காரர் பாட்டுப் போட்டுக்கொண்டு மேசை செய்வதை இவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாரும்மா, பத்தே நிமிஷம். எவ்ளோ சிம்பிள்" என்றார்.

"அப்பா, அது வெட்டி ஒட்டினது. அந்த ஆளுக்கு நெஜமா எத்தனை நாள் ஆச்சோ."

"அவருக்கு ஒரு நாள்னா எனக்கு ரெண்டு நாள். அவ்வளவுதானே."

"ரெடிமேடா ஒண்ணு வாங்கிடலாங்க. இன்னிக்கே வந்துடும்" என்றேன்.

"அதெல்லாம் தூளை ஒட்டிச் செஞ்ச அட்டை. தண்ணி பட்டா ஊதிடும். உனக்கு அந்த மாதிரி ஒண்ணை வாங்கித் தருவேனா நான்?" என்று ஒற்றைக்காலில் நின்றார்.

மரக்கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர், "என்ன மரம் சார் வேணும்?" என்று கேட்டார். இவர் கொஞ்சம் யோசித்து, "நல்ல மரம்" என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் தெருவைப் பார்த்தேன். கடைசியில் மேலே போட ஒரு தடித்த பிளைவுட், காலுக்கும் சட்டத்துக்கும் லேசான மரத்தில் நீளக் கட்டைகள் என்று அவரே எடுத்து வைத்தார்.

"அளவு சொன்னா மெஷின்லயே அறுத்துக் குடுத்துடுவோம் சார். நிமிஷ வேலை."

"வேண்டாம், நான் பாத்துக்கறேன்."

அந்த இடத்தில் நான் இவர் காலை மிதித்தேன். செருப்புக் கடைக்காரர் இல்லையா, தடித்த ஷூ போட்டிருந்தார். அவருக்கு உறைக்கவே இல்லை.

எங்கள் வீடு மாடியில். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, துணி துவைக்க ஒரு சந்து. மர வேலை செய்ய ஒரு பட்டறைப் பலகை வேண்டும் என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். வீட்டில் பலகை என்று இருந்தது ஒரே ஒன்று, சாப்பாட்டு மேசை. அடுத்த நாள் காலை நான் புத்தகத்தோடு வந்து பார்த்தபோது அதன் மேல் கட்டைகள், ரம்பம், திருகாணிப் பொட்டலம், பசை டப்பா எல்லாம் குடியேறியிருந்தன. கட்டைகளை இறுக்கிப் பிடிக்க மேசை விளிம்பில் இரும்புக் கிளாம்புகள் வேறு கடித்துக்கொண்டு நின்றன.

"நான் எங்க உக்காந்து படிக்கறது?"

"ரெண்டு நாள் பொறுத்துக்கோயேன். அப்புறம் உனக்கே உனக்குன்னு ஒரு டேபிள்."

நான் ஆபீசுக்குக் கிளம்புவதற்கு முன் கிடைக்கும் காலை நேரம்தான் எனக்குப் படிப்பு. இவருக்குக் கடை திறக்கச் சாவகாசம் இருக்கிறது, அதனால் காலை நேரம்தான் இவருக்கு மர வேலை. நான் ஒரு கணக்கை ஆரம்பிப்பேன், இவர் ரம்பத்தை ஆரம்பிப்பார். படுக்கையறைக் கதவைச் சாத்தினாலும் அந்தக் கரகரப்பு பல்லுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சந்துக்குப் போனேன், வாஷிங் மெஷின் கிடைத்தது. மெஷின் ஓடும் நாட்களில் மாடிப்படி. படியில் ஏறி இறங்குகிறவர்கள் எல்லாம், "என்னம்மா, சாவியைத் தொலைச்சிட்டீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு நாள் இரண்டு வாரமாயிற்று. நாங்கள் மூன்று பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். மரத்தூள் டீயில் மிதந்தது, தலையணையில் இருந்தது, ஆபீசில் நான் விரித்த கோப்பிலிருந்து கொட்டியது. பக்கத்து நாற்காலிக்காரி அதைத் தட்டிவிட்டபடி, "டேபிள் எந்த மட்டுல இருக்கு?" என்று கேட்டாள்.

கால்களை அறுத்த கதையைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது.

தையல் போடும்போது நான் வைத்துக்கொள்ளும் ஒரு பழைய துணி டேப் இருக்கிறது. மகள் குழந்தையாக இருந்தபோது பொம்மைக்கு பெல்ட் வேண்டும் என்று அதன் முதல் இரண்டு அங்குலத்தை வெட்டி எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த டேப் இரண்டில்தான் தொடங்கும். அதனால் இருபத்தொன்பது அங்குலம் வேண்டுமானால் டேப்பில் முப்பத்தொன்றில் குறி வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். இவர் வாங்கிவந்த இரும்பு டேப் முதல் நாளே சுருட்டிக்கொண்டு போய் இவர் விரலைக் கடித்துவிட்டது. அதனால் வீட்டு டேப்தான் கைக்கு அடக்கம் என்று முடிவு செய்துவிட்டார்.

கால் உயரம் இருபத்தொன்பது. இரண்டு கட்டைகளில் இவரே முப்பத்தொன்றில் சரியாகக் குறி வைத்தார். அதற்குள் சத்தம் தாங்காமல் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அவரைச் சமாதானம் செய்யப் போகும்போது, "இருபத்தொன்பது. நீ ஒண்ணு போடு, அம்மாவை ஒண்ணு போடச் சொல்லு" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். மகள் ஒன்றில் குறித்தாள். நான் சமையலறையிலிருந்து எரிச்சலோடு வந்து ஒன்றில் குறித்துவிட்டுப் போனேன். இவர் திரும்பி வந்து, ஒவ்வொன்றாகக் கிளாம்பில் மாட்டி, குறி இருந்த இடத்தில் அறுத்துத் தள்ளினார்.

நான்கையும் சேர்த்து நிறுத்தினார். இரண்டு ஒரே உயரம், ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. குடும்பப் படத்துக்கு நிற்கிற மாதிரி நின்றன.

"இந்தக் குட்டையை யாரு குறிச்சது?" என்றார்.

"நான்தான்ப்பா. நீங்கதானே இருபத்தொன்பதுன்னீங்க" என்றாள் மகள்.

"இருபத்தொன்பதுதான். டேப்புல ரெண்டு கூட்டி வெக்கணும்னு தெரியாதா உனக்கு?"

"நீங்க கூட்டிட்டுதான் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

என் பக்கம் திரும்பினார். "நெட்டை உன்னோடதா?"

"ஆமா."

"டேப்புல எவ்ளோ வெச்ச?"

"முப்பத்திமூணு."

"முப்பத்திமூணா? அது எங்கேருந்து வந்துச்சு?"

"டேப்புக்காக ஒரு ரெண்டு. நீங்க எப்படியும் எங்கயாவது ரெண்டு மறந்திருப்பீங்கன்னு உங்களுக்காக ஒரு ரெண்டு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு படுக்கையறைக்குள் ஓடினாள். அவள் அப்பாவை நம்பிக் கெடுத்தாள், நான் நம்பாமல் கெடுத்தேன். இவர் நான்கு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று பார்த்தேன், நானும் திட்டுவதற்குத் தயாராக இருந்தேன். இவரோ, "சரி, எல்லாத்தையும் குட்டையோட உயரத்துக்குக் கொண்டுவந்துடலாம்" என்று ரம்பத்தை எடுத்தார். இப்படி ஒரு மனிதரோடு எப்படித்தான் சண்டை போடுவது?

குட்டையின் உயரத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. டேப்பை நம்பி ஏமாந்தது போதும் என்று, கண்ணளவில். சட்டத்தைப் பூட்டி, பசை தடவி, பிளைவுட்டை மேலே போட்டுத் திருகி நிமிர்த்தி வைத்தார். பார்க்க மேசை மாதிரிதான் இருந்தது. நான் கையை ஊன்றியதும் டக் என்று இடது பக்கம் சாய்ந்தது. எடுத்தேன், டக் என்று வலது பக்கம் திரும்பியது.

"ஒரு கால் துளி அதிகம். சீவிட்டா சரியாயிடும்" என்றார்.

சீவினார். அடுத்த கால் அதிகமாயிற்று. அதைச் சீவினார். மேசை நாளுக்கு நாள் குனிந்துகொண்டே வந்தது, ஆட்டம் மட்டும் அப்படியே இருந்தது. தேர்வு நெருங்கிவிட்டது. "இப்படியே போனா படுத்துட்டுதான் படிக்கணும்" என்றேன். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றார். அந்த ஒரே ஒரு தடவையைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருந்த மேல்பலகையைத் தடவிப் பார்த்தாள்.

"பரவாயில்லையே, நல்லாத்தான் செஞ்சிருக்கான். அப்பாடா, இனிமே டேபிள் இல்லன்னு சொல்ல வேண்டியதில்ல" என்றாள்.

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் குப்பென்று வியர்த்தது. டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றேன். அந்த மேசை தள்ளிப்போன ஒவ்வொரு நாளும் நான் கத்தினேனே, அத்தனை கத்தலுக்கும் அடியில் ஒரு நிம்மதி இருந்தது. மேசை முடியாதவரை எனக்குச் சாக்கு உண்டு. முடிந்துவிட்டால், அதன் பிறகும் நான் தோற்றால், தோற்றது நான்தான். மேசை இல்லை. எனக்கு அந்த மேசையைக் கண்டால் பயமாக இருந்தது.

அடுத்த நாள் காலை இவர் மறுபடியும் அதைக் கவிழ்த்துப் போட்டு ரம்பத்தை எடுத்தார். நான் சந்திலிருந்து புத்தகத்தோடு வந்தேன்.

"வெட்டாதீங்க" என்றேன்.

"இந்த ஒரு கால் மட்டும்."

"வெட்டாதீங்கன்னு சொல்றேன்ல. போதும். இந்த டேபிள் இருந்தாலும் நான் பாஸாக மாட்டேன், இல்லன்னாலும் பாஸாக மாட்டேன். போன தடவை டேபிள் இல்லாததால நான் பெயிலாகல. தெரிஞ்ச கணக்கை வெச்சிட்டுப் பயந்து எழுந்து ஓடி வந்தேன். போதுமா?"

சொன்ன வேகத்தில் எனக்கே மூச்சு வாங்கியது. இவர் ரம்பத்தைக் கீழே வைத்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"கேட் பக்கத்துலதானே நின்னேன். உன்னைக் கூட்டிட்டுப் போக நேரத்தோட வந்துட்டேன். பெல் அடிக்கறதுக்கு எவ்வளவோ முன்னாடியே நீ மட்டும் தனியா வெளியே வந்தே. உன் நடையைப் பார்த்தா தெரியாதா எனக்கு?"

அன்று அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழச்சாறு வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிவந்தார், அவ்வளவுதான். நான் இத்தனை நாளும் அவருக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

"தெரிஞ்சும் எதுக்குங்க இந்த டேபிளைக் கட்டிக்கிட்டு அழறீங்க?"

"அந்தக் கணக்கு எனக்குப் புரியாது. சொல்லித்தர முடியாது. உன் பயத்துக்கு நான் என்ன செய்யறது? இதையாவது செய்வோம்னு பார்த்தேன்." கவிழ்ந்து கிடந்த மேசையின் காலைத் தொட்டார். "இதுவும் வரல."

எனக்கு அழுகை வந்தது, அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது. "ஆடாம நிறுத்துங்க அதை, உக்காந்து படிக்கணும்" என்றேன்.

இவர் தன் கடைப் பையை எடுத்து, அதிலிருந்து கறுப்பாக ஒரு சோல் ரப்பர்த் துண்டும் சின்னக் கத்தியும் எடுத்தார். மேசையை நிமிர்த்தி ஒருமுறை அழுத்திப் பார்த்தார். ரப்பரை ஒரு பக்கம் தடிப்பாகவும் மறு பக்கம் மெலிதாகவும் சீவினார். முன்பக்க இடது காலுக்கு அடியில் செருகினார். நான் கையை ஊன்றினேன், முழங்கையை ஊன்றினேன், கடைசியில் கோபத்தோடு ஏறியே உட்கார்ந்தேன். மேசை அசையவில்லை.

"இதை முதல் நாளே செஞ்சிருக்கக் கூடாதா?"

"அது மரவேலை இல்லையே" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

தேர்வுவரை அந்த மேசையில்தான் படித்தேன். நான் குட்டையானவள் என்பதால் முழங்கால் தப்பியது. ஒரு மூலையில் பசை வழிந்து காய்ந்து கன்னத்துப் பரு மாதிரி இருந்தது, படிக்கும்போது அதை நகத்தால் சுரண்டுவது பழக்கமாயிற்று.

தேர்வன்று இவர் கேட் வரை வந்தார். ஹால் டிக்கெட், பேனா எல்லாம் வைத்திருந்த பையை என் கையில் கொடுத்தார். "போ" என்றார், அவ்வளவுதான்.

எனக்குக் கிடைத்தது ஜன்னலோர இடம். உட்கார்ந்து மேசையில் கையை வைத்தேன், டக். எடுத்தேன், டக். மேற்பார்வைக்கு வந்திருந்த ஆசிரியையைக் கூப்பிட்டு, "மேடம், இது ஆடுது" என்றேன்.

"இந்த ரூம்ல எல்லாமே அப்படித்தாம்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாத்தனாரிடம் சொல்லவேண்டியது அங்கேயே மனதில் தயாராகிவிட்டது. வீட்டில் நல்ல டேபிள்தான் அண்ணி, ஆனா அந்த ஹால்ல குடுத்தாங்க பாருங்க ஒரு டேபிள், ஒரு வரி ஒழுங்கா எழுத முடியல. ஆபீசிலும் இதையே சொல்லலாம். கேள்வித்தாள் கைக்கு வருவதற்கு முன்பே எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

பேனா எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தேன். கறுப்பு ரப்பர்த் துண்டு, ஒரு பக்கம் தடிப்பு, மறு பக்கம் மெலிசு.

முதலில் கோபம்தான் வந்தது. மனிதர் என்னை நிம்மதியாக ஒரு சாக்குக்கூடச் சொல்ல விடமாட்டார். திரும்பப் பையில் போட்டிருக்கலாம், யாருக்கும் தெரியாது. குனிந்தேன். முன்பக்க இடது காலுக்கு அடியில் செருகினேன். கையை ஊன்றினேன்.

ஆடவில்லை.

முதல் கேள்விகள் ஓடிவிட்டன. கடைசி இரண்டுக்கு வந்தேன். ஒன்று வங்கிக் கணக்கைச் சரிக்கட்டும் பட்டியல், போன வருடம் நான் எழுந்து ஓடியதும் அதைப் பார்த்துத்தான். கை சில்லிட்டது. எண்கள் மறுபடியும் தெரியாதவர்களாக மாறப் பார்த்தன. வாசலைப் பார்த்தேன், திறந்துதான் இருந்தது. எனக்கு முன்னால் ஒருவர் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போனார். நான் இரண்டு முழங்கைகளையும் மேசையில் அழுத்தி ஊன்றிக்கொண்டேன். பயம் போகவில்லை, என்னோடுதான் இருந்தது. அதோடு சேர்ந்தே முதல் வரியை எழுதினேன். பிறகு அடுத்த வரி. பெல் அடித்தபோது நான் இன்னும் எழுதிக்கொண்டிருந்தேன், ஆசிரியை வந்து தாளை இழுத்து வாங்கவேண்டியதாயிற்று.

இவர் கேட் அருகில் நின்றுகொண்டிருந்தார். வெளியே வரும் ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். என்னைப் பார்த்ததும் எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை.

"ஆடுச்சா?" என்றார்.

"ஆடுச்சு."

"எந்தக் கால்?"

"முன்னாடி இடது."

"நெனச்சேன்" என்று தலையை ஆட்டிவிட்டுக் கையை நீட்டினார். "எங்க, குடு."

"எதை?"

"ரப்பரை. எடுத்துட்டு வரலையா? நம்ம டேபிளுக்கு அடியில இருந்ததைத்தான் உருவிக் குடுத்தேன். வேற துண்டு வெட்ட நேரமில்ல."

அது தேர்வு ஹாலில் அந்தக் காலுக்கு அடியிலேயே கிடந்தது. எழுதி முடித்த மயக்கத்தில் அதன் நினைவே எனக்கு வரவில்லை.

"விட்டுட்டு வந்துட்டியா? உன்னை நம்பி ஒரு பொருளைக் குடுக்க முடியுதா?" என்றார் இவர். எத்தனையோ வாரம் நான் திட்டியதையெல்லாம் பொறுத்துக்கொண்டவர், ஒரு ரப்பர்த் துண்டுக்காக நடுத்தெருவில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "இப்போ வீட்ல அது ஆடுமே."

"ஆடட்டும்" என்றேன்.

இவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.